திருப்பிக் கேட்கும் பாடம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போனும் கம்ப்யூட்டரும் வாடகைக்கு விடும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் நான் வேலை செய்த காலத்தில், இன்டர்நெட் என்றால் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுதான். நானோ, ஆள் வராத நேரமெல்லாம் அதில் சிங்களப் பாடம் ஏற்றிக்கொண்டிருந்தேன். சிங்கள வாக்கியம் தமிழ் எழுத்தில், பக்கத்தில் அதன் பொருள். காசு வேண்டாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். மாடியில் டியூசன் நடத்திய யாழ்ப்பாணத்து மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா குடுத்தா ஆர் மதிக்கப் போகினம், பிள்ளை?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மதிப்பு வாங்கவா உட்கார்ந்திருக்கிறேன்?

என் அவசரம் வேறு. அக்கரப்பத்தனையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் அக்காவிடம் அடையாள அட்டை இல்லை. கொழும்பில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. யுத்த காலம், வழியெல்லாம் சோதனைச் சாவடி. அட்டை இல்லாமல் பேரனைப் பார்க்கப் போக முடியாது. அட்டை எடுக்கக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, போனால் சிங்களத்தில் பேச வேண்டும். வாசலிலேயே ஒரு தரகர் நிற்பார், தமிழில் கேட்டுச் சிங்களத்தில் சொல்வார். ஒரு தடவை அக்கா பிறந்த தோட்டத்தையே மாற்றிச் சொல்லிவிட்டார். விண்ணப்பம் திரும்பி வந்தது.

"இனிமே அந்த ஆளு வாயால என் பேரு வரக் கூடாது" என்றாள் அக்கா. முதல் பாடத்தை அதற்காகத்தான் எழுதினேன். பெயர், பிறந்த தோட்டம், பிறப்புப் பதிவு இல்லாத கதை, எல்லாம் அதில் இருந்தன. அச்செடுத்துக் கொடுத்ததை மலையில் கொழுந்து எடுத்தபடியே மனப்பாடம் செய்தாள். கச்சேரியில் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். இவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டு, அங்கிருந்த கிளார்க் அம்மா கடகடவென்று பதில் சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"பேச மட்டும் சொல்லிக் குடுத்தியே, அவங்க பேசுனா நான் என்னா செய்யிறது?" கடை வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"திருப்பிக் கேட்டிருக்கலாமேக்கா."

"தொரமாருகிட்ட யாருடி திருப்பிக் கேட்டா?"

காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி நிறுத்தும் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை ஒரு தடவைதான் சொல்வார். விளங்கினாலும் விளங்காவிட்டாலும் "சரிங்க" என்று மலையேறிவிடுவோம், மறுபடி கேட்டால் திட்டு விழும். தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கும் அது ஊறிப்போயிருந்தது. அத்தனை வாக்கியம் எழுதியும் 'இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்ற ஒன்று என் நினைவுக்கே வரவில்லை. எங்களை அப்படிப் பழக்கிய எல்லோர் மேலும் கோபம் வந்தது. கோபத்தோடேயே பாடத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

கடைக்கு வந்த சிங்களப் பெண்களை நிறுத்தி வைத்து, அலுவலகத்தில் என்னென்ன பதில் சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் சேர்த்தேன். பக்கத்தின் உச்சியில் 'ஆயெத் கியன்ன', திரும்பச் சொல்லுங்கள். 'ஹெமின் கியன்ன', மெதுவாகச் சொல்லுங்கள். லிந்துலையிலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன யாரோ ஒருவர், "மொதலாளிகிட்ட இன்னைக்குத்தான் மொத தடவையா திருப்பிக் கேட்டேன், அவரு திட்டல" என்று பாடத்துக்குக் கீழே எழுதியிருந்தார். அன்று முழுக்க நான் சிரித்த முகமாக இருந்தேன்.

அடுத்த தடவை அக்காவோடு நானும் கச்சேரிக்குப் போனேன். உதவக் கூடாது என்று பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். தரகர் வழக்கம்போல முந்திக்கொண்டு கிளார்க் அம்மாவிடம் வாயெடுத்தார். அக்கா கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"மம கதா கரன்னம்" என்றாள். நானே பேசுகிறேன்.

பேசினாள். விளங்காத இடத்திலெல்லாம் கூசாமல் திருப்பிக் கேட்டாள். அந்த அம்மாவும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தரகரிடம் அவள் சொன்ன வாக்கியத்தை நான் எந்தப் பாடத்திலும் எழுதியிருக்கவில்லை. கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அதை ஏற்றினேன், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே.