மடவளை வீட்டு டிஷ்ஷும் நான் வாங்கிய கனெக்டரும்

"இப்ப வருதா?" என்று மச்சான் கூரையிலிருந்து கேட்கும் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. முற்றத்தில் நின்று, ஜன்னல் வழியாகத் தொலைக்காட்சியைப் பார்த்து நான் பதில் சொல்ல வேண்டும். "வருது மச்சான்... ஐயோ, போயிட்டு!" மழை பெய்தால் எங்கள் மடவளை வீட்டில் படம் போய்விடும். ராத்தாவின், அதாவது என் அக்காவின், கணவரான அவருக்கும் பொறுமைக்கும் வெகு தூரம். உடனே ஏணியைச் சாத்திவிடுவார். பாசி பிடித்த அஸ்பெஸ்டஸ் கூரை, கால் வைத்தாலே வழுக்கும். "ஒரு டிஷ்ஷ ஒழுங்கா வெக்கத் தெரியாத மனுசன்" என்று ஏசியபடியே ராத்தா ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு நபியின் மீது ஸலவாத்து ஓதுவார்.

எங்கள் வீட்டில் படம் போனால் குற்றவாளி டிஷ்தான். மச்சான் போய் அதை ஆட்டியதும் படம் வந்துவிடும். ஆகவே அது திசை மாறிவிட்டதென்றே நம்பினோம். முதலில் அதைப் பொருத்தியவரும் அவர்தான்.

கேபிளின் நுனியில் மாட்டும் கனெக்டரை வாங்கியது நான். பழையது உடைந்தபோது, எங்களுக்குப் பழக்கமான, டிஷ் பூட்டித் திருத்தும் பாஸ் ஃபோனில் தெளிவாகவே சொல்லியிருந்தார்: கருவியால் அழுத்திப் பூட்டும் வகையை வாங்குங்கள், உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், நாளை வந்து பூட்டித் தருகிறேன். ஆனால் அன்று பின்னேரம் கிரிக்கெட் மேட்ச். மச்சான் நாளை வரை பொறுக்க மாட்டார். கண்டி டவுன் கடைக்காரர் கையால் முறுக்கி மாட்டும் ஒன்றை எடுத்து வைத்து, "இதுக்கு ஒருத்தரும் வரத் தேவல்ல மிஸ்" என்றார். வெளியே பஸ் புறப்படத் தயாராக நின்றது. கனெக்டர் கையில் தகரம் போல லேசாக இருந்தது. தெரிந்தேதான் வாங்கினேன்.

அடுத்த மழைக்காலத்தில், ஒருநாள் பின்னேர அஸர் தொழுகை முடித்து வந்து கூரையேறிய மச்சான் வழுக்கி விழுந்தார். குதிகால் எலும்பு உடைந்தது. அவரும் ராத்தாவும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாஸ் வந்து கனெக்டரைக் கழற்றினார். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. நடுச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது.

"டிஷ்ல ஒரு பிழையும் இல்ல. போல்ட் எல்லாம் இறுகித்தான் ஈக்கிது. ஆட்டக்குள்ள கேபிளும் ஆடும், அதால படம் வந்தீக்கிது. இத யாரு வாங்கின?"

"கடையில குடுத்தாங்க" என்றேன்.

அதன் பிறகு அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மச்சான் ஒரு காலைச் சாய்த்து நடக்கப் பழகிக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ராத்தா, "டிஷ் வெக்கத் தெரியாமப் போய் விழுந்தாரு" என்பார். மச்சான் தலையைக் குனிந்துகொள்வார். நான் சமையலறைப் பக்கம் போய்விடுவேன். பாஸைச் சந்தியில் கண்டால் கூட வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

போன மாதம் மச்சானின் அறைக்கு இன்னொரு கேபிள் இழுத்தோம். கனெக்டர் வாங்க என்னையே அனுப்பினார். கடையில் அரை மணி நேரம் நின்றேன். திருகுப்புரி சீராக இருக்கிறதா, ரப்பர் வளையம் இருக்கிறதா, கேபிளின் தடிப்புக்குப் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாஸ் கருவியால் அழுத்திப் பூட்டிய பிறகும் இழுத்துப் பார்த்தேன். அன்று பின்னேரம் மழை கொட்டியது. படம் அசையவில்லை.

"நல்ல சாமானா எடுத்தீக்கிறீங்க" என்றார் மச்சான்.

அந்தப் பாராட்டை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மச்சான் திடீரென்று தொடையில் தட்டினார். "அப்ப டிஷ்ஷ நான் சரியாத்தான் வெச்சீக்கிறேன்!" சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "கேட்டியா? நான் சரியாத்தான் வெச்சீக்கிறேன்! இவங்க வாங்கின கனெக்டர்தான் பிழை!" அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ராத்தா வாசலுக்கு வந்தார். அவர் சிரிக்கவில்லை. மச்சானின் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.