கௌசல்யா கெடுக்காத போன்

கௌசல்யா அக்கா காலையில் காலமானார் என்று எங்கள் பாலிடெக்னிக் ஆசிரியர் குழுவில் ஒரு வரி வந்தபோது, என் பஸ் பவானி பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த வரிக்குக் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு யாரோ ஒரு படத்தை அனுப்பினார்கள். குத்துவிளக்கு, இரண்டு ரோஜா, நடுவில் அக்காவின் புகைப்படம், மேலே ‘நம் ஊரின் கணினிப் பேரொளி அணைந்தது’ என்ற வாசகம். படத்தின் அடியில் கடைவீதி செல்போன் கடையின் பெயரும், ‘அனைத்து வகைப் போன்களும் சர்வீஸ் செய்து தரப்படும்’ என்ற வரியும் இருந்தன.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கடைக்காரர் யார், அக்காவைப் பற்றி ஊருக்கெல்லாம் என்ன சொன்னவர் என்பது குமாரபாளையத்தில் அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் படத்துக்கும் கை கும்பிட்டிருந்தார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரங்கல் கூட்டத்தில் பேச எனக்குக் கொடுத்த நேரத்தில் இவ்வளவையும் சொல்லியிருக்க முடியாது.

முதலில் ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். அக்காவை ‘அன்பே உருவானவர்’ என்று கூட்டத்தில் மூன்று பேர் சொன்னார்கள். அவர் அன்பானவர்தான், ஆனால் உருவம் சண்டையின் உருவம். கம்ப்யூட்டர் பிரிவில் பாடம் எடுத்தார். நான் மெக்கானிக்கல். ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. தேநீர் ஆறியிருந்தால் தேநீர்க்காரரோடு சண்டை, கால அட்டவணை கோணலாக இருந்தால் முதல்வரோடு சண்டை. பெரியவர் சின்னவர் என்றில்லாமல் எல்லோரையும் சாமி என்று அழைத்துக்கொண்டே சண்டை போடுவார். அதனால் திட்டு வாங்கியவருக்குத் திட்டு வாங்கினோம் என்பதே வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

பழைய போன்களுக்குப் புது உயிர் கொடுக்கிற வேலையையும் அவர் ஒரு சண்டையில்தான் தொடங்கினார். அவருடைய சொந்தப் போனில் கீறல்கூடக் கிடையாது. பேட்டரி நன்றாக நின்றது, கேமரா பளிச்சென்று இருந்தது. ஆனால் அதைச் செய்த கம்பெனி, அந்த மாடலுக்கு இனிமேல் புது மென்பொருள் அனுப்பமாட்டோம் என்று கைவிட்டுவிட்டது. கொஞ்ச நாளில் வீடியோ கால் பேசும் செயலி, ‘உங்கள் போன் பழையது, இதில் நான் வேலை செய்யமாட்டேன்’ என்று அறிவித்தது. போனைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டு ஷோரூமுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் போனைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “புதுசு எடுத்துக்குங்க மேடம், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்குது” என்றார்.

“கட்டில் கால் ஆடுதுன்னு ஊட்டையே மாத்துவீங்களா சாமி?” என்றார் அக்கா.

திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். “போனுக்கு வயசாகலை ஜெயந்தி. செஞ்சவன் கைகழுவிட்டான். ரெண்டும் ஒண்ணா? கைகழுவினதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, போன் மேல பழி போடறான்.” இந்தப் பேச்சை அதன்பின் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இன்று யோசித்தால், கடைசியில் அவருக்கு நடந்ததும் அதுதான்.

கம்பெனிகள் கைவிட்ட மாடல்களுக்கு, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து புதிய இயங்குதளம் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதைப் போனில் ஏற்றினால் பழைய போன் புதிய செயலிகளை ஏற்றுக்கொள்ளும். ஆனால் சரியாக ஏற்றவேண்டும். தப்பினால் போன் செங்கல்லாகிவிடும், அதாவது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாத கட்டியாகிவிடும். அக்கா முதலில் தன் போனில் ஏற்றினார், பிறகு என் போனில். அப்போதிருந்த முதல்வரிடம் கேட்டு, சனிக்கிழமை மதியங்களில் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசை வாங்கிக்கொண்டார். தறிப்பட்டறைக்காரர்கள், போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் என்று அந்த மேசைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்த மேசையில் அவசரத்துக்கு இடமில்லை. போனை வாங்கியதும் அக்கா முதலில் செய்வது, ஒரு ஈர்க்குச்சியைச் சீவி சார்ஜ் போடும் துளையைச் சுத்தம் செய்வது. இந்த ஊரில் தறியின் பஞ்சு எல்லாவற்றிலும் ஏறும், போன் துளையில் ஏறாதா? பஞ்சு அடைத்த துளையில் ஒயர் ஆடும். மென்பொருள் ஏறும்போது ஒயர் ஆடினால் கதை முடிந்தது. ஊசியை விடமாட்டார், இரும்பு பட்டால் உள்ளே இருக்கும் முள் கெட்டுப்போகும் என்பார். அப்புறம் போனில் இருக்கும் படங்கள், பேச்சுகள், எண்கள் எல்லாவற்றையும் பிரதி எடுப்பார். கம்பெனி போட்ட பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், அதனால் பிரதி எடுத்ததைப் போன்காரரே திறந்து பார்த்து ‘இருக்குது’ என்று சொன்னால்தான் மேலே போவார். பேட்டரி நிறைந்திருக்கவேண்டும். மேசைக் கணினியைத் தொடமாட்டார், மடிக்கணினிதான். நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

பணம் அனுப்பும் செயலி சிலது இப்படி மாற்றிய போனில் வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். “அது வேணும்னா இது வேண்டாம், யோசிச்சுட்டு அடுத்த வாரம் வாங்க” என்று பாதிப்பேரைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

வெண்ணந்தூரிலிருந்து ஒருவர் வந்தார். போனின் முதுகில் ஒரு மாடல் பெயர் அச்சாகியிருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் வேறு பெயர். எப்போதோ கீழே விழுந்து உடைந்தபோது ரிப்பேர் செய்தவர் வேறொரு போனின் முதுகை மாட்டிவிட்டிருக்கிறார். முதுகை நம்பி ஏற்றியிருந்தால் அந்தப் போன் அங்கேயே செத்திருக்கும். உள்ளே இருந்த மாடலுக்கு நம்பகமான மென்பொருள் கிடையாது என்று அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தனுங்க, ஏதோ ஒண்ணைப் போட்டு உடுங்க” என்றார் அவர்.

“ஏதோ ஒண்ணைப் போடறதுக்கு நானெதுக்கு சாமி? உங்க போனு பேசறதையாவது நிறுத்தாம இருக்கட்டும்” என்றார் அக்கா. வந்தவர் கோபித்துக்கொண்டு போனார். இவ்வளவு எச்சரிக்கையாக வேலை செய்தவரைத்தான் ‘கண்டதையும் போட்டுப் போனைக் கெடுப்பவர்’ என்றார்கள்.

இனிப் பூங்கொடியின் விஷயத்துக்கு வருகிறேன். பூங்கொடி தறிப்பட்டறையில் நூல் சுற்றுகிறவர். கணவர் ரிக் வண்டியில் போர் போடும் வேலைக்குச் சத்தீஸ்கர் போனால் மாதக்கணக்கில் ஊர் திரும்பமாட்டார். சாயங்காலத்தில் அவர் முகத்தைப் போனில் பார்ப்பதுதான் பூங்கொடிக்கும் அவர் மகளுக்கும் குடும்பம் என்பது. ஒரு நாள் வீடியோ கால் செயலி அவர் போனையும் பழையது என்று தள்ளிவிட்டது. அக்கா தன் வழக்கப்படி எல்லாம் பார்த்து, இரண்டு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு, புதிய இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார். மேசையிலிருந்தே கணவரைக் கூப்பிட்டுப் பார்த்தார் பூங்கொடி. “ஏனுங்க, இளைச்சுப் போயிட்டீங்களே” என்று அவர் சொன்னதைக் கேட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒயரைச் சுருட்டினார்.

போன் நன்றாக ஓடியது. ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் தறிக்கும் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். போனும் ஒரு ஆயுதம்தானே? எல்லோர் போனையும் வாங்கித் தறியின் மேல் வரிசையாக வைத்து, நல்ல குழைவான சந்தனத்தை ஒரு விரல் எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். பூங்கொடியின் போனில் அந்த விரல் போன இடம் சார்ஜ் துளை. சந்தனம் உள்ளே போய்க் காய்ந்து அடைத்துக்கொண்டது. அடுத்த நாள் சார்ஜ் ஏறவில்லை. அதற்கடுத்த நாள் போன் அணைந்துவிட்டது.

பூங்கொடி கடைவீதிக்கு ஓடினார். அந்தச் செல்போன் கடைக்காரர் போனைக் கையில் வாங்கி, “இதுல என்ன சாஃப்ட்வேர் போட்டீங்க, யார் போட்டது?” என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், “போர்டு செத்துப்போச்சு. அந்தம்மா போட்ட கள்ள சாஃப்ட்வேர்தான் தின்னுருச்சு” என்று சொல்லித் தவணையில் ஒரு புதுப் போனை விற்றுவிட்டார். துளைக்குள் ஒரு தரம் பார்த்திருந்தால் சந்தன வாசம் மூக்கில் அடித்திருக்கும். அவர் பார்க்கவே இல்லையா, பார்த்துவிட்டும் சொல்லவில்லையா? முதலாவது என்றால் அவருக்குத் தொழில் தெரியாது. இரண்டாவது என்றால் அவருக்கு வெட்கம் கிடையாது. எதுவாயினும், அதோடு விடவில்லை அவர். ஒரு குரல் பதிவு செய்து ஊர்க் குழுக்களில் அனுப்பினார். பாலிடெக்னிக் மேடத்திடம் போன் கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் படத்தையும் பேங்க் பணத்தையும் எடுத்துவிடுவார்கள் என்று.

அந்தப் பதிவு எங்கள் கல்லூரிக்கு வந்து சேர ஒரு பகல்கூட ஆகவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த முதல்வர் அக்காவைக் கூப்பிட்டு, ‘கல்லூரியின் பெயர் கெடுகிறது’ என்றார். யார் பெயர் கெடுகிறது என்று நான் கேட்டேன். “நீங்க உட்காருங்க மேடம்” என்றார். நான் உட்காரவில்லை. போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். அதெல்லாம் நம் வேலை இல்லை என்றார். ஒருத்தரைத் திருடி என்று சொன்னதை நம்புவது மட்டும் நம் வேலை போலிருக்கிறது. சனிக்கிழமை மேசை நின்றது. ஆய்வுக்கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு நேராகப் பூங்கொடி வீட்டுக்குப் போனார். அணைந்த போன் அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஈர்க்குச்சியால் துளையைச் சுரண்டினார். மஞ்சளாகப் பொடிப்பொடியாகச் சந்தனம் உதிர்ந்தது. ஒயரை மாட்டி வைத்தோம். பூங்கொடி போட்டுக் கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் போன் கண் திறந்தது.

“இதுதானா மேடம்?” என்றார் பூங்கொடி. “இதுக்குத்தான் என்னென்னவோ சொல்லிப்போட்டாங்களா?”

மறுநாளே புதுப் போனிலிருந்த சிம்மைத் திரும்பப் பழையதிலேயே போட்டு, அந்தப் போனை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தார் பூங்கொடி. முதல்வர் வேலையாக இருக்கிறார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கடைக்குப் போனார். “ஏதோ தற்செயலா ஓடுதும்மா, மறுபடி நின்னுரும்” என்றார் கடைக்காரர். குரல் பதிவைத் திரும்பப் பெறவில்லை. பழி சொன்ன பதிவு ஊரெல்லாம் சுற்றியது. போன் ஓடுகிறது என்ற செய்தி பூங்கொடியின் தெருவைத் தாண்டவில்லை.

அக்கா அதன்பிறகு யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. எனக்கு அது புரியவே இல்லை. ஒரு ஆறிய தேநீருக்குச் சண்டை போட்டவர். கேட்டபோது ஒன்றே ஒன்று சொன்னார்: “நான் பேசினா நான் பேசறேன்னு ஆயிரும். போனு ஓடுதில்ல, அது பேசட்டும் சாமி.” கொஞ்ச காலத்தில் இதயம் சரியில்லை என்று விடுப்பு எடுத்தார். பிறகு வரவே இல்லை.

இரங்கல் கூட்டம் கல்லூரி அரங்கில் நடந்தது. அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்ட அதே கல்லூரி. வாசலில் பிளக்ஸ், ஊதுவத்தி, முன்வரிசையில் கடைக்காரர். எனக்கு முன்னால் அவரைப் பேசவிட்டார்கள். “தொழில்ல நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை வச்சிருந்தோம்” என்றார் அவர். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நானும் ஏதோ பேசி முடித்ததும் மௌன அஞ்சலி என்று முதல்வர் சொல்ல, எல்லோரும் எழுந்து நின்றோம்.

அந்த மௌனத்தின் நடுவில் பின்வரிசையில் ஒரு போன் அலறியது. எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். பூங்கொடி நின்றிருந்தார், கையில் அதே பழைய போன். திரையில் ரிக் வண்டியின் இரும்பும், அதன் முன்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு முகமும். “ஏனுங்க, அந்த மேடம் கூட்டத்துலதான் நிக்கறேன், செத்த நேரம் பொறுங்க” என்று அவரிடம் சொன்னார் பூங்கொடி. பிறகு போனை அணைக்கவில்லை. முன்வரிசைவரை நடந்து வந்து, கடைக்காரரின் முகத்துக்கு நேராக அதைப் பிடித்தார்.

“நீங்க செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே, அந்தப் போன்தானுங்க இது. தற்செயலாத்தான் இத்தனை நாளா ஓடுது.”

அன்று அந்த அரங்கில் உண்மையான அஞ்சலி அதுதான்.

அக்காவின் மடிக்கணினியை அவர் மகன் எடுத்துக்கொண்டார், அது அவருக்குச் சேரவேண்டியது. எனக்கு வந்தது பேனாப் பெட்டியில் கிடந்த ஒரு ஈர்க்குச்சி. நுனியில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. நான் அதைத் துடைக்கப் போவதில்லை. அக்காவுக்கு அஞ்சலி செலுத்தியவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தக் குரல் பதிவு இன்றைக்கும் நம் குழுக்களில் கிடக்கிறது. விளக்குப் படத்தை எடுத்துவிட்டு, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.