எண்ணூர்: அண்ணன் பெயரில் தம்பி ரத்தம்

எண்ணூருக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். ஏற்காடு, ஊட்டி என்று சுற்றுகிறவனுக்கு அங்கே என்ன வேலை? 2007 பொங்கல் முடிந்த ஞாயிறு. நண்பன் பாஸ்கர் துணைக்குக் கூப்பிட்டான், கிளம்பிவிட்டேன். புகையிலும் கரியிலும் உள்ள நஞ்சை முறிக்க நம் உடம்பில் இருக்கும் நொதிகளைப் பற்றி அவன் ஆராய்ச்சி செய்கிறான். அவற்றில் ஒரு நொதிக்கான மரபணு சிலருக்குப் பிறவியிலேயே கிடையாதாம். இல்லாதவர்கள் ஏராளம், எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் தினமும் புகையில் கிடப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்றான்.

சென்ட்ரலில் புறநகர் வண்டி, காலை ஏழு இருபது. டிக்கெட் ஏழு ரூபாய், இருபது கிலோமீட்டருக்குள்தான். கொருக்குப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கிறது. வெள்ளைச் சட்டையில் போன என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய். நாங்கள் தேடிப் போனது தேசப்பனை. கரி யார்டில் இருபது வருடமாக லோடு இறக்கியவர், பீடிகூடத் தொடாதவர். போன வருடம் யார்டில் பாஸ்கரின் குழு பெயர் கூப்பிட்டு ரத்தம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்ல மனுஷனுக்கு ஏன் வந்தது என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாராம். தேசப்பன் பெயர் எழுதிய குழாயில் இருந்த ரத்தத்தில் அந்த மரபணு இல்லை. அதைச் சொல்லிவிட்டு, உறுதிப்படுத்த இன்னொரு முறை ரத்தம் எடுப்பதுதான் திட்டம்.

தேசப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருந்தது. பாஸ்கர் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லி முடித்து ஊசியை எடுத்தான். பக்கத்தில் வெல்லம் மென்றுகொண்டிருந்த தம்பி ஏழுமலை விரலிடுக்கில் புகைந்த பீடியை அணைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்து எதிரே வந்து உட்கார்ந்தார். வெல்லம் தின்றால் கரித்தூள் இறங்கிவிடும் என்பது யார்டில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை.

"உங்களுக்கு இல்லைங்க, அண்ணனுக்கு" என்றான் பாஸ்கர்.

"அண்ணனுக்கு எப்பவும் நான்தான் சார் குட்துகினு கீறேன். அன்னிக்கும் நான்தான். இருமல்னு தெரிஞ்சா மேஸ்திரி வேலைய வுட்டு தூக்கிருவான்ல."

யார்டில் இது வழக்கமாம். செக்கப் என்றால் தெம்பானவன் போய் நோஞ்சான் பெயருக்குக் கை நீட்டுவான். யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏழுமலை வேறு கேங், அன்று அவர் பெயர் பட்டியலில் இல்லை, அதனால் எளிதாக நுழைந்துவிட்டார். தன் உடம்பு இரும்பு என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. அந்தக் குழாயில் இருந்தது இவர் ரத்தம். மரபணு இல்லாதது இந்த இரும்பு உடம்பில். அண்ணனிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று யாருக்குமே தெரியாது. அந்தப் பரிசோதனையால்தான் நோய் முன்பே தெரிந்திருக்கும் என்றில்லை. ஆனால் வேலை போய்விடும் என்று பயந்து தேசப்பன் டாக்டரிடம் போகாமல் எத்தனை மாதங்கள் கடத்தியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன்.

பாஸ்கர் தட்டுத்தடுமாறி விளக்கினான். பீடியை இன்றே விடுங்கள், முடிந்தால் வேறு வேலை பாருங்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்றான். தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. ஏழுமலை மடித்த சட்டைக் கையைப் பிரிக்கவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை வண்டி காலி. தண்ணீர் கொண்டுபோங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். ரத்தம் எடுக்கப் போகிறவர்களாக இருந்தால், பெயரை மட்டும் கூப்பிடாமல் முகத்தையும் பாருங்கள். செக்கப் முடிவு மேஸ்திரி கைக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

வாசல் வரை வந்த ஏழுமலை கேட்டது மட்டும் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

"அண்ணனுக்கு நான் குட்தேன். எனுக்கு யாரு சார் குடுப்பாங்க?"