ஏழு ஆப்பிள் உருண்டைகள்

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. மாடி வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பெண் என்னோடு நான்காம் வகுப்பில் படித்தாள். மாதம் ஒரு கேக்காவது பள்ளிக்குக் கொண்டுவந்து எங்கள் எல்லோருடைய வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்வாள்.

அந்தத் தசரா விடுமுறையில் அம்மாவின் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ ஒரு குளிர்நாட்டில், இலை உதிரும் காலத்தில், ஒரு அம்மாவும் பிள்ளைகளும் ஆப்பிளைத் துருவிப் போட்டுக் குட்டிக் குட்டி டோனட் உருண்டைகள் சுட்டார்கள். மைசூரில் நாங்கள் இருந்த விஜயநகரில் இலை ஒன்றும் உதிரவில்லை. ஆனால் தள்ளுவண்டியில் சிம்லா ஆப்பிள் வந்து குவிந்திருந்தது. அது போதாதா? ஆயுதபூஜைக்குப் பலகாரம் என் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். மாடி வீட்டுப் பெண்ணிடமும் பீற்றிக்கொண்டேன். ஓவன் இல்லாமல் எப்படிச் சுடுவாய் என்று அவள் கன்னடத்தில் கேட்டுச் சிரித்தாள். சாயந்திரம் பூஜைக்கு வந்து பார் என்றேன். இனி பின்வாங்கினால் மானம் போய்விடும்.

அம்மாவின் பணியாரக் கல்தான் என் ஓவன். ஏழு குழி. அடுப்பு மூட்டவும் பொடிக்கவும் மட்டும் அம்மாவுக்கு அனுமதி. மேலே புரட்டுவதற்குப் பட்டையும் சர்க்கரையும் பொடித்துத் தட்டில் வைத்தாள், அதோடு அவளை வெளியே அனுப்பிவிட்டேன். மைதா, பால், வெண்ணெய், துருவிய ஆப்பிள் எல்லாம் கலந்து, அலமாரி டப்பாவிலிருந்து மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டேன். அது சர்க்கரை இல்லை, தூள் உப்பு. நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அம்மா வாய் தவறிச் சொல்லித்தான் இது எனக்கே தெரியும்.

படைப்பதற்கு முன் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாவு ஒட்டிய விரலைக்கூட நக்காமல் கழுவினேன். அந்த ஒழுக்கத்துக்காகவும் எனக்குப் பெருமைதான். முதல் ஈடு கருகிக் குப்பைக்குப் போனது. இரண்டாவது ஈட்டில் ஏழு உருண்டைகளும் பொன்னிறமாக எழும்பி வந்தன.

கழுவித் துடைத்து மாலை போட்ட ஸ்கூட்டர் முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம், நடுவில் என் தட்டு. மாடி வீட்டுப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றுகொண்டிருந்த வாய் ஒரு கணம் நின்றது. அதற்குள் அந்தப் பெண் தட்டுக்குக் கை நீட்டினாள். அப்பா சட்டென்று தட்டைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“இதைய ஒருத்தருக்கும் தரமாட்டேன். எம்பொண்ணு மொதமொதல்ல சுட்டது, அத்தனையும் எனக்குத்தான்.”

நான் கை நீட்டியபோதும் தரவில்லை. அம்மா மட்டும் அவர் கையிலிருந்த பாதியைப் பிடுங்கி வாயில் போட்டாள். போட்டவள் அவரையே பார்த்தாள்.

“உங்களுக்குத்தான் பிரஷர் இருக்குதுங்களே, போதும் வையுங்க” என்றாள்.

“நீ சும்மா இரு” என்று அடுத்ததை எடுத்தார்.

ஏழும் தீர்ந்தன. மாடி வீட்டு ஆன்ட்டி சிரித்துக்கொண்டே பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போயிருந்தது. ஓவன் இருந்து என்ன, அவளுடைய கேக்கை அவள் அப்பா இப்படி ஒருநாளாவது பறித்துத் தின்றிருப்பாரா? மைசூரிலேயே அன்று என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆத்திரமும் வந்தது. செய்தவளுக்கு ஒன்றுகூட வைக்காமல் தின்றுவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் அப்பா.

“மறுபடி எப்பக் கண்ணு சுடுவே?” என்று கேட்டார்.

“சுட்டாலும் உங்களுக்குக் கிடையாது” என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.