மான் பார்க்கப் போன ஞாயிறு

மான் பார்க்கப் போகிறோம் என்றுதான் மாமா என்னிடம் சொன்னார். உண்மையில் அன்று சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பப் பேசவில்லை. ஒவ்வொரு முறையும் தெருவே வந்து "இன்னா ஆச்சு?" என்று கேட்டது. இதுவும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று சித்தி அழுதிருந்தாள். அதனால் மாமா, தற்செயலாகச் சந்தித்தது போல் இருக்கட்டும் என்று கீழ்பென்னாத்தூரைத் தாண்டியிருந்த பழைய ஜமீன் பங்களாவைத் தேர்ந்தெடுத்தார். கூடவே ஒரு குழந்தை இருந்தால் சுற்றிப் பார்க்க வந்த குடும்பமாகத் தெரியும். அந்தக் குழந்தை நான்.

அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். மாமா விடியுமுன் பால் வண்டியோடு போனால் இருட்டித்தான் வருவார். எனக்குச் சோறு போட்டதும் பேன் பார்த்ததும் சித்திதான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தோம்.

பங்களாவில் ஓடுகள் பாதி சரிந்திருந்தன. தூண்கள் மட்டும் வழவழவென்று நின்றன. கூடத்துச் சுவரில் கொம்புகளோடு மான் தலைகள். மிச்ச உடம்பு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்துச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஒரு துடைப்பமும் பக்கெட்டும்தான் இருந்தன. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அப்புறம் திருப்பூர், ஓசூர், கோவா என்று எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டேன். இன்றும் பெரிய வீட்டைக் கண்டால் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தோன்றும். அத்தனை மான்களைச் சுட்ட ஜமீன்தாரே கடைசிக் காலத்தில் மனம் மாறி, பின்பக்கத் தோப்பில் மான் வளர்த்தாராம்.

தோப்பின் கம்பி வேலியருகே மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் நின்றிருந்தார்கள். "அட, நீங்களா!" என்றார் மாமா. அவருக்கு நடிப்பு வராது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். மாப்பிள்ளை லோடு வண்டி ஓட்டுபவர். அவர் மான்களை மட்டும் பார்த்தார். சித்தி அவற்றையும் பார்க்காமல் வேலிக்கு முதுகு காட்டி நின்றாள்.

ஒரு புள்ளிமான் கம்பி இடுக்கில் வாயை நீட்டி அவள் பின்னலிலிருந்த மல்லிகைச் சரத்தை இழுத்தது.

"ஏய் எருமை! உங்கப்பனா வாங்கிக் குடுத்தான்? வுடு!"

சித்தி போட்ட சத்தத்தில் மான் கூட்டமே தோப்புக்குள் ஓடிவிட்டது. அப்புறம்தான் அவளுக்கு எங்கே நிற்கிறோம் என்பது நினைவு வந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் குனிந்தார். "ஏன் பாப்பா, உங்க சித்தி வூட்லயும் இப்படித்தான் கத்துமா?"

சித்தியைக் குறைத்துப் பேசுகிறார்கள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதைவிட ஜாஸ்தி கத்தும். ரேஷன் கடைல கம்மியா அளந்தா கத்தும். எனக்கு ஜுரம் வந்தப்ப டாக்டர் இல்லன்னாங்க. ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்துச்சு, டாக்டர் வந்துட்டாரு. அன்னிக்கு ஃபுல்லா என்னைத் தோள்லயே வெச்சினு இருந்துச்சு."

மாமா என் கையைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மகனிடம், "உனுக்குத்தான் வாயே கெடையாதே. நம்ம வூட்டுக்கு இப்படி ஒருத்திதாண்டா வேணும்" என்றார்.

மாப்பிள்ளை அப்போதுதான் சித்தியை நேராகப் பார்த்தார். "வேற பூ வாங்கியாரட்டுங்களா?" என்றார். சித்தி சிரித்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் மாமா போனில் யார் யாருக்கோ "முடிஞ்ச மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சித்தி சிரித்த முகமாகத்தான் ஏறினாள். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் என் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி, நீயே தலை வாரிக்குவியா?"

"ஓ, ரெட்டைச் சடையே போட்டுக்குவேன்."

"சோறு?"

"நானே போட்டுத் துன்னுவேன்."

"ராத்திரில பயப்படுவியா?"

"எனுக்கின்னா பயம்?"

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்ட பெருமையில், "இன்னும் கேளு சித்தி, இன்னும் கேளு" என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தேன்.