மஞ்சள் வைத்த பாவாடைகள்

எங்கள் குடோனில் ரிட்டன்ஸ் பிரிவுக்கு ஒரு காலத்தில் மரியாதையே கிடையாது. ஆர்டரை எடுத்து, பேக் செய்து, வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர்கள்தான் கம்பெனிக்குச் சோறு போடுகிறவர்கள். திரும்பி வருகிற பார்சலைப் பிரிக்கிற நாங்கள் குப்பை பொறுக்குகிறவர்கள். நான் பொறுப்பேற்ற முதல் நாள், யாரோ திருப்பி அனுப்பிய செருப்புக்கு அடியில் புத்தம் புது மிக்ஸி ஜார் கிடந்தது. "இது இன்னா குடோனா, காயலாங்கடையா?" என்று கத்தினேன். அன்றைக்கு ஆரம்பித்த கத்தல் இன்னும் ஓயவில்லை. வந்த பார்சலை வந்த அன்றே பிரிக்க வேண்டும். அப்படியே விற்கலாமா, கொஞ்சம் சரிசெய்தால் விற்கலாமா, ஒன்றுக்கும் ஆகாதா என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும். இப்போது யார் குடோனைச் சுற்றிப் பார்க்க வந்தாலும் எங்கள் மேஜைக்குத்தான் முதலில் கூட்டி வருகிறார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு அடக்கமெல்லாம் வராது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் குழந்தைகளின் பட்டுப்பாவாடைகள் திரும்பி வர ஆரம்பித்தன. திருவள்ளூர்க்காரர் ஒருவர் தைக்கக் கொடுத்து வாங்கி, எங்கள் குடோனில் வைத்து ஆன்லைனில் விற்கிற சரக்கு. எல்லாவற்றிலும் ஒரே புகார்: கறை. பிரித்துப் பார்த்தேன். பாவாடையின் அடி ஓரத்தில், உட்பக்கமாக, விரல் நுனி அளவுக்கு மஞ்சள். வெளிர் நிறத் துணியில் அது வெளிப்பக்கமும் ஊறித் தெரிந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாங்கி, மஞ்சள் வைத்து, பிள்ளைக்கு உடுத்தி, போட்டோவும் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்களே, இவர்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா என்று வாடிக்கையாளர்களைக் கண்டபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அடுத்த பார்சலை எடுத்தேன். அது வீடு பூட்டியிருந்ததால் கொடுக்கப்படாமலே திரும்பியது. எங்கள் டேப் ஒட்டியபடியே இருந்தது. நானே கிழித்தேன். அதற்குள் இருந்த பாவாடையிலும் அதே இடத்தில் அதே மஞ்சள்.

வாங்கியவர்கள் யாரும் வைக்கவில்லை. இங்கேயே யாரோ வைத்திருக்கிறார்கள்.

பார்சல் சீட்டில் பேக் செய்தவரின் மேஜை எண் இருக்கும். கறையோடு வந்த எல்லாவற்றிலும் ஒரே எண். நேரே அங்கே போனேன். பழவேற்காடு பக்கத்துக் குப்பத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவள் அவள். புருஷனுக்கு ஏரியில் மீன்பிடி. வலையில் ஒன்றும் படாத நாட்கள் அதிகமாகிவிட்டதால் இவள் வேலைக்கு வந்திருந்தாள். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாவாடையை அவள் முன்னால் போட்டு, "இன்னாடி இது?" என்றேன்.

அவள் மறைக்கவே இல்லை. இடுப்பிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துக் காட்டினாள். குழைத்த மஞ்சள்.

"புதுத் துணிக்கா. கொழந்தைங்க கட்டிக்கப் போறது. மஞ்சா வெக்காம எப்படிக்கா அனுப்புறது? அவங்க ஊட்ல மறந்துட்டா?"

"யாருடி உன்னை வெக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. என் கையால போவுது, நல்லாருக்கட்டும்னு வெச்சேன்."

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸ் துணியை ஜெபம் பண்ணாமல் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டோம். முகம் தெரியாத பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவளை எந்த வாயால் திட்டுவேன்? ஆனாலும் திட்டினேன். "நல்லது பண்றேன்னு எல்லாரையும் பேஜாரு பண்ணிட்டியேடி!"

மறுநாள் காலையில் திருவள்ளூர்க்காரர் வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்துவிட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். அவர் கோபத்திலும் தப்பில்லை. பண்டிகை நேரத்துச் சரக்கு. ஆன்லைனில் அவர் பெயருக்குக் கீழே கறை, கறை என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

"அந்தப் பொம்பளைய இன்னிக்கே அனுப்பணும். இல்லைனா என் சரக்கு மொத்தத்தையும் தூக்கிக்கினு போய்க்கினே இருப்பேன்" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். அவளை அனுப்பிவிட்டால் அடுத்த வேளைக்கு அந்த வீட்டில் ஏரியை நம்பித்தான் உலை வைக்க வேண்டும். எனக்கு வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு நாள் குடுங்கண்ணே. திரும்பி வந்தது எல்லாத்தையும் புதுசாக்கித் தரேன். ஆவலைனா அவளை அனுப்புங்க. அவளோட சேர்த்து என் கணக்கையும் முடிச்சிடுங்க."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் என் வேலையையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது.

நான் திரும்பி வருவதற்குள் அவள் ஒரு பாவாடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள். மஞ்சள் ரத்தச் சிவப்பாகிச் சாயத்தோடு குழம்பிவிட்டது. "கைய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று அலறினேன். அவள் அழுதாள். நான் இன்னும் அலறினேன். பக்கத்து மேஜைக்காரிதான், "அக்கா, மஞ்சாவுக்கு வெயில் போதும்க்கா, கத்தாதே" என்றாள். தெரியாத விஷயமா? கோபத்தில் மறந்துபோயிருந்தேன்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் எங்கள் தொழிற்பேட்டையில் வெளியே துணி காயப்போட்டால் இரும்பு உருக்குகிற கம்பெனிகளின் கரித்தூள் படிந்துவிடும். மஞ்சள் போய்க் கறுப்பு வரும். அதனால் வண்டி நிற்கும் வாசலுக்கு உள்ளே, கூரையில் வெளிச்சத்துக்காகப் போட்டிருக்கும் கண்ணாடி ஷீட்டுக்குக் கீழே விரிப்பது என்று முடிவு செய்தேன். பட்டு வெளுத்துவிடுமே என்று மேனேஜர் பயந்தார். அட்டைப் பெட்டிகளை வெட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு, பாவாடைகள் மேல் வைத்தோம். மஞ்சள் இருக்கும் இடம் மட்டும் வெளிச்சத்தைப் பார்க்கும். மற்றது நிழலில் இருக்கும்.

வெயில் நகர நகரப் பாவாடைகளும் நகர வேண்டும். டீக்குப் போனவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு வரிசையை நகர்த்திவிட்டுப் போனார்கள். லோடு ஏற்றுகிற ஆண்கள், "இன்னாக்கா, வடகமா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே குனிந்து நகர்த்தினார்கள். மேனேஜரும் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். அவள் மட்டும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அட்டையைத் தூக்கிப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மறுநாள் மதியத்துக்குள் மஞ்சள் வெளுத்து, தேடினாலும் கிடைக்காமல் போனது. எல்லாவற்றையும் நீவி மடித்துப் புது உறையில் போட்டோம். என் ஆட்களைப் பார்க்க அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

திருவள்ளூர்க்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கெட்டுப்போனதை நானே எடுத்து நீட்டினேன். "இது தேறலண்ணே. ஒளிக்கல. மத்ததுல ஒரு புள்ளி இருந்தா காட்டுங்க."

அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "சரி, அந்தம்மா இருக்கட்டும். ஆனா என் சரக்கத் தொடக் கூடாது."

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அது ஆவாதுண்ணே. ஒரு சரக்கத் தொடாதேன்னு சொன்னா நாளைக்கு எல்லாச் சரக்கையும் தொடாதேன்னுவாங்க. அப்புறம் அவ எதுக்கு வரணும்? உங்க சரக்கத்தான் பேக் பண்ணுவா. நீங்களே நின்னு பாருங்க."

அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். கடைசியில் அவள் மேஜைக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவரிடம் காட்டிவிட்டு ஒரு பாவாடையை எடுத்தாள். மடிப்பைச் சரிபார்த்தாள், உறையில் போட்டாள், பெட்டியில் வைத்து டேப் ஒட்டினாள், சீட்டை ஒட்டினாள். எல்லாம் முறைப்படி நடந்தது. வண்டிக்குப் போகிற பெல்ட்டில் வைக்கப் போனவள் ஒரு கணம் நின்றாள். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு வைத்தாள்.

போச்சு என்று நினைத்தேன். அவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். ரேக்கிலிருந்து அடுத்த பாவாடையைத் தானே எடுத்து அவள் கையில் கொடுத்தார்.