அம்மா அணைத்த பிரிட்ஜ்

தூத்துக்குடிக் கடலில் படகிலிருந்து மொண்ட நீரை வட்டமான கண்ணாடியிழைத் தாள்களில் வடிகட்டியிருந்தேன். நீரில் மிதந்த நுண்துகள்கள் அவற்றில் பழுப்பாகப் படிந்திருந்தன. சோதிக்கும்வரை அவை உறைந்தே இருக்க வேண்டும். உருகினால் வீண், மறுபடி படகு கிடைக்காது. மதுரை ஆய்வகம் பொங்கல் விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. அதனால் ஐஸ் பெட்டியோடு கொடைக்கானல் வீட்டுக்கு வந்து, பிரிட்ஜைப் போட்டு, ஐஸ் பைகளுக்கு நடுவே தாள்களை ஃப்ரீசரில் அடுக்கினேன்.

காலையில் பிரிட்ஜின் உறுமல் கேட்கவில்லை.

“அம்மா, பிரிட்ஜ யாரு அணைச்சது?”

“நாந்தான், வெள்ளனே அணைச்சேன். இந்தக் குளிருக்கு வருசா வருசம் அணைச்சுத்தானடி கெடக்கு? கடலுக்குப் போனவ மீனு கொண்டாருவான்னு பாத்தா, அழுக்குக் காயிதத்தக் கொண்டாந்திருக்கா!”

ஃப்ரீசரைத் திறந்தேன், ஓரத்தில் நீர் சொட்டியது. அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் விறைப்பாகவே இருந்தன. கதவோரம் இருந்தது மட்டும் விரலுக்கு வளைந்தது.

“ஒண்ணுதானடி?” என்றாள் அம்மா, குரல் இறங்கி.

“அத இனி கணக்குல சேக்க முடியாதும்மா.”

அதன் மேல் ‘உருகியது’ என்று எழுதித் தனியே வைத்தேன். அம்மா சுவிட்சைப் போட்டு, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள்.